தர்ஷினி விரல்

என் நாற்காலி நல்ல நாற்காலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நடந்தது தெரிந்ததும் யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

என் பெயர் அங்கவை. ஊர் தூத்துக்குடி. படித்தது கோயம்புத்தூரில் ஒரு டிசைன் கல்லூரி. அங்கே கடைசி வருடம் முழுக்க ஒரே ஒரு பொருளைத்தான் செய்ய வேண்டும். செய்ததை ஒரு நாள் வகுப்பின் நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வகுப்பு அதைக் கிழிகிழியென்று கிழிக்கும். அட்டவணையில் அதற்கு 'விமர்சன அமர்வு' என்று மரியாதையான பெயர். நாங்கள் சொல்வது பந்தி. அன்றைக்கு இலையில் இருப்பது நாம்தான்.

பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. பொருளை விளக்கிப் பேசி முடித்ததும் ஜாஸ்மின் மேடம் ஒரு பித்தளைப் பூட்டைக் கயிற்றோடு நம் கழுத்தில் மாட்டிவிடுவார். பூட்டு கழுத்தில் இருக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யார் எவ்வளவு அபத்தமாகப் பேசினாலும் சரி, ஸ்டூலில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசினால் பூட்டை உடைத்ததாகக் கணக்கு, புராஜெக்ட் அவுட், அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

"நாளைக்கு உன் பொருள் யாரோ ஒருத்தர் வீட்டுல இருக்கும். நீ பக்கத்துலயே நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டிருப்பியா? இப்பவே வாயை மூடிப் பழகு" என்பார் மேடம்.

எனக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அது. இருந்தாலும் முந்தைய மூன்று வருடத்துச் சின்னப் பந்திகளில் நான் ஒரு தடவைகூட பூட்டை உடைத்ததில்லை. கடித்துக் கடித்து நாக்கில் தழும்பே விழுந்திருக்கும்.

அடுத்தது, சட்டை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

பார்க்க மெல்லிய பனியன்தான். கழுத்துப் பட்டையில் ஒரு வில்லை இருக்கும். அது தண்டுவடத்தோடு ஒட்டிக்கொள்ளும். போட்டிருப்பவர் உடம்புக்கு என்னென்ன படுகிறதோ அத்தனையும் அதில் பதிவாகும். இடுப்பு வலி, பசி, புழுக்கம், எல்லாம். பிறகு அதன் ஜோடிச் சட்டையை நாம் போட்டுக்கொண்டால் அந்த உடம்பு நமக்குள் வந்துவிடும். அவர் வலி நம் வலி. பதிவை யாரும் திருத்த முடியாது; ஒரு புள்ளியைத் தொட்டாலும் மொத்தமும் அழிந்துபோகும். இதைச் செய்த குழுவுக்கு ஜாஸ்மின் மேடம்தான் தலைவி. எங்கள் வகுப்புச் சுவரில் அவரே தன் கையால் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. 'சட்டை பொய் சொல்லாது.'

"எங்க காலத்துல கேள்வித்தாள் எடுத்துக்கிட்டு வீடு வீடா அலைவோம்" என்று அவர் முதல் வகுப்பில் சொன்னார். "நம்ம சனங்ககிட்டப் போய், 'நாங்க செஞ்சது எப்படி இருக்கு'ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? 'நல்லா இருக்கு, காபி சாப்பிடுறியா?' அவ்வளவுதான். பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு நெனப்பாங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை குப்பையை நாங்க செஞ்சோம் தெரியுமா? சட்டைக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது."

எனவே நாங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நான் எடுத்துக்கொண்டது தையல்காரர்களின் இருக்கை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அனுமதி கொடுத்தது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது, பதிவில் ஒரு பிரதி தங்களுக்கும் வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார்கள். எனக்கென்ன, தலையாட்டினேன். தர்ஷினி என்ற டெய்லர் அக்காவை கேட்டில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, சிரித்த முகம். "நீ குடுக்கறதைப் போட்டுக்கறேன் கண்ணு" என்று சட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வாட்ச்மேன் கையில் அது திரும்பி வந்தது.

அந்த முதல் பதிவை வகுப்பில் போட்டுப் பார்த்த நாளை யாரும் மறக்கவில்லை. ஷிப்டின் கடைசி கால் மணி நேரம் மட்டும்தான். இடுப்பை ரம்பம் போட்டு அறுக்கிற வலி. தோள் கல்லாகியிருந்தது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, இடது ஆள்காட்டி விரல். எப்போதோ ஊசி நகத்தோடு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். துணியை முன்னே தள்ளும்போதெல்லாம் அந்த நுனியில் சுரீர் சுரீரென்று எரிந்தது. பதிவு முடிந்த பிறகும் எங்களில் பாதிப் பேர் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தோம். அதற்கு 'தர்ஷினி விரல்' என்று பெயரே வைத்துவிட்டோம். மெஸ்ஸில் எவளாவது சூடான டம்ளரைத் தொட்டு அலறினால், "என்ன, தர்ஷினி விரலா?" என்று கேட்போம்.

அதற்கு நான் செய்த பதில்தான் அந்த நாற்காலி.

பந்தியன்று காலையில் இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். பயம் இருப்பவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள். என் அறைத்தோழி நஸ்ரின், வகுப்பிலேயே மோசமான வாய் படைத்தவள், என் தட்டைப் பார்த்துவிட்டு, "பலி ஆட்டுக்குக்கூட இவ்வளவு குடுக்க மாட்டாங்கடீ" என்றாள்.

"இன்னைக்கு நீ வாயடைச்சு உக்காரப் போற. பாத்துக்கிட்டே இரு ஏட்டி" என்றேன்.

விருந்தினராக அந்தக் கம்பெனியிலிருந்து கோகுல்நாத் வந்திருந்தார். ஆட்களைக் கவனிக்கும் பிரிவுக்குப் பெரியவர். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொள்கிற பழக்கம், நல்ல மனிதர். நாற்காலி தேறினால் இருநூறு நாற்காலிக்கு அன்றே ஆர்டர் என்று வரும்போதே சொல்லிவிட்டார். படிப்பு முடிவதற்குள் ஆர்டர் வாங்கிய மாணவி எங்கள் கல்லூரியில் அதுவரை யாரும் இல்லை.

நான் நடுவில் போய் நின்றேன்.

"எல்லா நாற்காலியும் முதுகைத் தாங்குது. தைக்கிறவங்க முதுகைச் சாய்க்கிறதே இல்ல. ஊசியைப் பாக்க முன்பக்கமாத்தான் குனியுறாங்க. பின்னால இருக்குற பலகை சும்மா நிக்குது. அதனால அதைத் தூக்கி முன்னால வச்சிட்டேன்" என்று துணியை உருவினேன்.

கைதட்டல் வந்தது. வராமல் எப்படி? இருக்கை முன்பக்கமாக லேசாகச் சரியும். நெஞ்சு ஒரு மெத்தைப் பலகையில் சாயும். தலையின் பாரமும் தோளின் பாரமும் இடுப்புக்கு இறங்காமல் அந்தப் பலகையோடு நின்றுவிடும். சாம்பல் நிறம், ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது.

மூன்று ஜோடிச் சட்டைகள். மேடம் ஒன்று, கோகுல்நாத் ஒன்று, நஸ்ரின் ஒன்று. முதலில் பழைய ஸ்டூலில் எடுத்த பதிவு. கோகுல்நாத் "அம்மாடி" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். நஸ்ரினின் விரல் வாய்க்குப் போனது. பிறகு என் நாற்காலியில் எடுத்த பதிவு. அதே கம்பெனி, அதே மெஷின், அதே ஷிப்டின் கடைசி கால் மணி நேரம்.

மூன்று முகமும் அப்படியே தளர்ந்தன. கோகுல்நாத் கண்ணை மூடிக்கொண்டார். "அடடடா... என்ற சொந்த முதுகு வலிகூடக் காணாமப் போயிருச்சுங்களே" என்றார். வகுப்பே சிரித்தது. மேடத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்துவிட்டேன். அது சாமானியத்தில் வராது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கழுத்தை நீட்டினேன். பூட்டை மாட்டினார்.

முதலில் வழக்கம்போலச் சில்லறைச் சண்டைகள். சாம்பல் நிறம் சாவு வீட்டு நிறம் என்றான் ஒருவன். சக்கரம் வேண்டும் என்றாள் ஒருத்தி. தரையில் பஞ்சு பறக்கிற இடத்தில் சக்கரம் எப்படி உருளும் என்று மேடமே அவள் வாயை அடைத்தார். நான் ஸ்டூலில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கோகுல்நாத் பேசினார்.

"நான் டிசைன் படிச்சவன் இல்லீங்க. ஆனா இந்தப் பொண்ணுக்கு எங்க கம்பெனி ரொம்பக் கடமைப்பட்டிருக்குது. இவங்க எடுத்த முதல் பதிவு எங்களுக்கும் ஒரு பிரதி வந்துச்சில்லீங்க? அதை நானே போட்டுப் பாத்தேன். ராத்திரி தூக்கம் வரல. இத்தனை வலியோட ஒரு பொம்பளைய மெஷின்ல உக்கார வச்சிருக்கோமேன்னு மனசு ஆறல. மறுவாரமே மேடத்துகிட்டப் பேசி, லைன் பூரா சட்டை வாங்கிப் போட்டுட்டோம்."

நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"போட்டு?" என்றார் மேடம்.

"வலிக்கு ஒரு அளவு வச்சிருக்கோமுங்க. அதைத் தாண்டினவங்களை மெஷினை விட்டு இறக்கி, பிசிறு வெட்டற வேலைக்கு மாத்திருவோம். நூல் வெட்டறதுதானே, உடம்புக்கு நோவு இல்ல. சம்பளம் பாதிதான், என்ன பண்றது. ஆனா அக்கறைங்க இது. அந்த தர்ஷினியம்மாதான் முதல்ல இறங்க வேண்டியவங்க. ரொம்ப நாள் ஆளு, பாவம். 'மூணு மாசம் பாப்போம், வலி குறையலைன்னா மாத்திக்கலாம்'னு சொல்லி அனுப்பினேன். இப்ப பாருங்க, எப்புடிக் குறைஞ்சு போச்சு! அவங்களுக்கு மட்டும் இல்லீங்க. லைன்ல ஒருத்தருக்குக்கூட இப்ப வலி இல்ல. எல்லாப் பதிவும் ஒரே மாதிரி, அத்தனை சுத்தம்."

அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தப் பிரதிக்குத் தலையாட்டியவள் நான். அந்த அக்காவின் வலியை ஒரு பனியனில் சுருட்டி முதலாளி கையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு இன்னொரு சட்டையைக் கொடுத்து, 'இந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வலித்தால் வேலை போகும் என்று தெரிந்தவர் அதை எப்படிப் போட்டிருப்பார்? எதையாவது விழுங்கிவிட்டுத்தான் போட்டிருப்பார். இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்து ஒரேயடியாக மரத்துப்போகும்படி ஏதோ ஒரு மாத்திரை. அப்படியென்றால் என் நாற்காலி தாங்குகிறதா, கொல்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

வாய் மட்டும் திறக்க முடியாது. பூட்டு நெஞ்சில் கனத்தது.

அப்போதுதான் நஸ்ரின் கையைத் தூக்கினாள். அவள் புருவம் சுருங்கியிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். குழம்பில் உப்பு அதிகம் என்று கண்டுபிடிக்கிற முகம்.

"மேடம், ரெண்டாவது பதிவை இன்னொரு தடவை போடலாமா?"

போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மட்டும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். நான் அவளையே முறைத்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"விரல் எங்க?" என்றாள்.

"எந்த விரல்?" என்றார் கோகுல்நாத்.

"தர்ஷினி விரல் சார். ஊசி குத்துன விரல். முதல் பதிவுல எரியுது, இதுல எரியல. இடுப்பு வலி நாற்காலியால போச்சு, சரி. தோள் வலி போச்சு, அதுவும் சரி. நாற்காலி விரலைத் தொடவே இல்லியே. அது விரலுக்கு என்ன பண்ணும்?"

எல்லோரும் தங்கள் இடது விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மெதுவாகத் தன் விரல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

அவள் சொன்னது சரி. விமர்சனம் என்றால் அதுதான். வேறொரு நாளாக இருந்தால் நானே எழுந்து கைதட்டியிருப்பேன்.

கோகுல்நாத்துக்கு விஷயம் உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. முகம் சிவந்தது. "அப்ப அந்தம்மா ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்குதுங்களா? நான் அவங்களுக்கு மூணு மாசம் டைம் குடுத்தேனுங்க. என்னையவே ஏமாத்தறதா?" போனை எடுத்தார். "ஃபேக்டரி டாக்டரை விட்டு இப்பவே பாக்கச் சொல்றேன். இப்படிப் பண்ற ஆளை பிசிறு வெட்டக்கூட வைக்க முடியாதுங்க."

அவர் கட்டைவிரல் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

"அந்த அக்கா ஒண்ணும் பண்ணல சார்!"

என் குரல்தான். அறை முழுக்கக் கேட்டது. பூட்டு கழுத்தில் ஆடியது. பின்வரிசையில் யாரோ, "போச்சுடா" என்றார்கள்.

எழுந்து நின்றேன். உடைத்தது உடைத்தாகிவிட்டது, அரைகுறையாக உடைப்பானேன்?

"பதிவுல வலியைக் குறைச்சது நான். நாற்காலி நல்லாத் தெரியணும்னு நான்தான் குறைச்சேன். விரலையும் சேர்த்துக் குறைச்சிட்டேன், அது என் கவனப்பிசகு. அந்த அக்கா நான் குடுத்ததைப் போட்டாங்க, திருப்பிக் குடுத்தாங்க. அவ்வளவுதான்."

இருபது தலைகளும் ஒன்றாகச் சுவர்ப் பலகைக்குத் திரும்பின. சட்டை பொய் சொல்லாது. பதிவைத் தொட முடியாது என்பது முதல் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கோகுல்நாத்தும் படித்தார். போனைத் தாழ்த்திவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

"குறைக்கவே முடியாதுன்னுதானே மேடம் எங்களுக்குச் சொன்னீங்க? உங்க வார்த்தையை நம்பித்தானே லைன் பூரா போட்டோம். இந்தப் பொண்ணு சொல்றது நெசமா? குறைக்க முடியுங்களா?"

ஜாஸ்மின் மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்கத் தைரியம் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் என்னிடம் அது மட்டும்தான் இருந்தது. நான் புளுகுகிறேன் என்று அவருக்குத் தெரியும். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சட்டை பிழைக்கும், அவர் பெயர் பிழைக்கும், போன் திருப்பூருக்குப் போகும்.

மேடம் தான் போட்டிருந்த சட்டையின் வில்லையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"முடியும்" என்றார். "எங்க பிள்ளைங்களுக்கு முடியும். இப்பதான் தெரியுது."

"அப்ப எங்ககிட்ட இருக்கற பதிவெல்லாம்?"

"நான் உங்க இடத்துல இருந்தா அதை வச்சு ஒருத்தரைக்கூட மெஷினை விட்டு இறக்க மாட்டேன் கோகுல்நாத். சட்டை பூராத்தையும் திருப்பி அனுப்பிடுங்க. தப்பு எங்களோடது."

கோகுல்நாத் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எங்க சங்கத்துல எல்லா முதலாளிங்ககிட்டயும் சொல்ல வேண்டி வருமுங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மேடம், "சொல்லுங்க" என்றார். இருநூறு நாற்காலியும் அவரோடு வாசலைத் தாண்டிப் போயின.

எல்லோரும் கலைந்த பிறகு நஸ்ரின் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"மூடியிருந்தா இருநூறு பேர் தலையில ஒரு தப்பான நாற்காலியைக் கட்டியிருப்பேன். ஏட்டி, போய் எனக்கு ஒரு டீ சொல்லு" என்றேன்.

மேடம் பலகையைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஆணி இறுகியிருந்தது. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"உனக்கு ஃபெயில்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "பூட்டை உடைச்சதுக்கு."

"பொய்க்கு?"

"அதுக்குத் தனியா மார்க் போட்டா அதுலயும் ஃபெயில்தான். ஃபினிஷிங்கே இல்ல. 'எப்படிம்மா குறைச்ச'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா முழிச்சிருப்ப."

"நீங்கதான் கேக்க விடலையே மேடம்."

சிரித்துவிட்டார். பிறகு பலகையின் தூசியைத் துடைத்தபடி, "அந்தம்மா அப்படி என்னத்த முழுங்கினாங்கன்னு போய்க் கேளு. உடம்பைக் கெடுத்துக்கிட்டிருக்கப் போறாங்க. சட்டை கிட்டையெல்லாம் வேண்டாம், நேர்ல போ" என்றார்.

பூட்டைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். "நீயே வச்சுக்கோ. இனிமே உனக்குத்தான் தேவைப்படும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போனேன். தர்ஷினியக்கா வீடு ஒரு காம்பவுண்டுக்குள் வரிசை வீடுகளில் கடைசி. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "அட, நாற்காலிப் புள்ள! வா கண்ணு வா" என்று எழுந்தார். உள்ளே இன்னொரு பெண் தட்டில் பிரியாணியோடு சம்மணம் போட்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். "இவ அக்‌ஷயா. பக்கத்து மெஷினு" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சட்டையை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான் வெள்ளிக்கிழமை வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போனாங்களா!" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க என்ன மாத்திரை போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க. உடம்புக்கு ஏதும் ஆகிடப் போவுது."

"மாத்திரையா? எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும் கண்ணு. நான் எதுக்குப் போடறேன்?"

"பிறகு எப்படி வலி தெரியல?"

"அந்தச் சட்டையை நான் போடவே இல்லியே" என்றார் சாதாரணமாக. தாடையால் அக்‌ஷயாவைக் காட்டினார். "இவ போட்டுக்கிட்டா. உன்ற நாற்காலியிலயும் அன்னைக்குப் பூரா இவதான் உக்காந்து தெச்சா. நான் இவ மெஷினுக்குப் போயிட்டேன்."

அக்‌ஷயா எலும்பைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். "எனக்கு எங்கயும் வலிக்காதுங்க்கா. வந்து ஆறு மாசந்தானே ஆச்சு."

"உன்றது மட்டும் இல்ல" என்றார் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. "கம்பெனி குடுத்த சட்டையும் லைனுக்கே இவதான் போட்டா. தெனமும் ஒருத்தி முறை. பாத்ரூமுக்குப் போயி மாத்திக்குவோம். யாரு முறையோ அவங்க வீட்டுல இருந்து அன்னைக்கு இவளுக்குச் சோறு."

"வியாழக்கிழமை மீன் குழம்புங்க்கா" என்றாள் அக்‌ஷயா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'லைன்ல ஒருத்தருக்குக்கூட இப்ப வலி இல்ல, எல்லாப் பதிவும் ஒரே மாதிரி' என்று கோகுல்நாத் எவ்வளவு ஆனந்தமாகச் சொன்னார்! அத்தனையும் இந்த ஒரு பெண்ணின் உடம்பு. சட்டை பொய்யே சொல்லவில்லை. யார் உடம்பு என்று நாங்கள்தான் கேட்கவில்லை. மேடத்திடம் இதைச் சொல்ல வேண்டும். பலகையைத் திரும்ப மாட்டுவாரா, அடுப்பில் போடுவாரா என்று பார்க்க வேண்டும்.

சிரித்து முடித்ததும் ஒன்று உறைத்தது.

"அக்கா, அப்ப நீங்க அந்த நாற்காலியில உக்காரவே இல்லையா?"

"உக்காந்தேன். மறுநா ஒரு மணி நேரம்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கேட்டில் பார்த்த அதே சிரிப்பு.

"நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார். "காபி சாப்பிடறியா?"

பையைத் திறந்து பித்தளைப் பூட்டை எடுத்தேன்.

"இது எங்க வகுப்புல ஒரு பழக்கம்க்கா. இது கழுத்துல இருந்தா நான் வாயைத் திறக்கக் கூடாது. நீங்க என்ன சொன்னாலும் எதுத்துப் பேச மாட்டேன், அழ மாட்டேன், கோவிச்சுக்க மாட்டேன். பேசுனா எனக்கு ஃபெயில். ஏற்கனவே ஒரு தடவை ஆயாச்சு, இன்னொண்ணு தாங்காது."

மாட்டிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தேன்.

அக்கா அக்‌ஷயாவைப் பார்த்தார். அக்‌ஷயா, "சொல்லிருங்க்கா. பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க" என்றாள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அந்த நெஞ்சுல முட்டுக் குடுக்கற பலகை இருக்குதல்ல. அதை எந்த மவராசன் நெனச்சானோன்னு நாங்க அத்தனை பேரும் வெச்சுத் திட்டுனோம் கண்ணு. இவ ஈர்க்குச்சி, இவளுக்கு ஒண்ணுந்தெரியாது. எங்கள மாதிரி பொம்பளைங்க அதுல போயிப் படுத்தா மூச்சு முட்டுதா இல்லியா? வேர்வை வேற, ஜாக்கெட்டு நனைஞ்சு போகுது. மெக்கானிக்குப் பையன் மெஷினைப் பாக்க வந்தான்னா அவன் முன்னால மாரைக் கொண்டு போயி அதுல வெச்சுக்கிட்டு உக்காரணுமா? நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு. கீழ பீஸ் விழுந்தா குனிய முடியாது, எந்திரிச்சுச் சுத்தி வரணும். அப்பறம் அந்தக் கலரு..."

எனக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. பலகையை அகலமாக்கலாம், துணியை மாற்றலாம், கீலில் வைத்தால் விலகிக்கொள்ளும். நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

அக்கா சூடு பிடித்துவிட்டார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரல். நகம் நடுவில் பிளந்து, ஒரு பக்கம் மேடிட்டு வளர்ந்திருந்தது. அதன் வலி எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். விரலை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் இரண்டு டெய்லர் அக்காக்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களும் பந்தியில் உட்கார்ந்து என்னைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒருத்தர், டிபன் பை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை என்று அடித்துக்கொண்டார். ரோஸ் கலர்தான் வேண்டும் என்பதில் மட்டும் நான்கு பேருக்கும் ஒரே கருத்து.

நான் ஆரம்பத்தில் நல்ல நாற்காலி என்று சொன்னது இதற்குப் பிறகு செய்ததை. அதில் நெஞ்சுப் பலகை கிடையாது.

தர்ஷினியக்கா மூச்சு வாங்க நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் பயந்துவிட்டார் போல. "ரொம்பப் பேசிட்டனா கண்ணு? போதுமா?" என்றார்.

நான் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.